210 ரூபாய் ஃபைலும் என் மனைவியின் கழுத்துக் கட்டியும்

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் 2023 ஏப்ரலில் வாங்கிய டிஸ்பிளே ஃபைல் பற்றிய மதிப்புரை இது. ஏ4 அளவு, நீல அட்டை, உள்ளே 40 கண்ணாடிப் பைகள். கடைக்காரர் 230 ரூபாய் சொன்னார். "ஆஸ்பத்திரி பேப்பர் வைக்கவா சார்?" என்று கேட்டுவிட்டு அவராகவே 20 ரூபாய் குறைத்துக்கொண்டார். அட்டையில் கம்பெனி பெயர் எதுவும் இல்லை. ஒட்டியிருந்த ஸ்டிக்கரும் முதல் வாரமே உரிந்துவிட்டது. அதனால் என்ன பிராண்டு என்று கேட்காதீர்கள்.

ஃபைல்களைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் யோக்கியதை உண்டு. அரசு அலுவலகம் ஒன்றில் 31 வருடம் பதிவறை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தக் கட்டு எந்த அலமாரியில், எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அப்படிப்பட்டவன் பெண்டாட்டியின் மருத்துவச் சீட்டுகளை மஞ்சப்பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு புற்றுநோய் மருத்துவரிடம் போனேன். மேஜையில் பையைக் கவிழ்த்ததும் விழுந்தவை: ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், ஸ்கேன், மருந்துக்கடை பில், நடுவில் ஒரு கேஸ் சிலிண்டர் ரசீது. டாக்டரம்மா எதையும் தொடவில்லை. எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு என் மனைவியைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார்.

"கட்டியை முதல்ல எப்போம்மா பார்த்தீங்க?"

"கொலு இறக்கறப்போ டாக்டர்."

"எந்த மாசம்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அப்போ எவ்வளவு பெருசு? வலி இருந்துச்சா? இப்ப எவ்வளவு? காய்ச்சல்? ராத்திரி வியர்வை? எடை குறைஞ்சுதா, எத்தனை கிலோ, எத்தனை மாசத்துல? வேற எங்கயாவது கட்டி? அரிப்பு? முன்னாடி டிபி வந்திருக்கா? மூட்டுக்கு, தோலுக்கு ஏதாவது மாத்திரை வருஷக்கணக்கா சாப்பிட்டிருக்கீங்களா?"

ஒரு கேள்விக்கும் எங்களிடம் தேதியோடு பதில் இல்லை. "அடுத்த தடவை வர்றப்போ ஒரே ஒரு பக்கத்துல வரிசையா எழுதிட்டு வாங்க சார். ரிப்போர்ட்டெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு மெமோ வாங்கியது போலத்தான் இருந்தது. மறுநாளே பெரம்பூரில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கி, இந்த ஃபைலை வாங்கினேன்.

ஃபைல் வாங்குவது சுலபம். அதன் முதல் பையில் வைக்க வேண்டிய அந்த ஒரு பக்கத்தை எழுதத்தான் நான்கு நாள் ஆனது.

என் மனைவிக்குத் தேதிகள் கிடையாது, பண்டிகைகள்தான். கொலு இறக்கியது விஜயதசமிக்கு மறுநாள். 2022 காலண்டரைத் தேடிப் பார்த்தேன், அக்டோபர் 6. பொம்மைகளைத் துணியில் சுற்றும்போது தாலிச் செயின் கழுத்தில் இடறியிருக்கிறது. தடவிப் பார்த்தால் இடது பக்கம், காறை எலும்புக்குச் சற்று மேலே, கோலிக்குண்டு அளவில் ஒன்று. வலிக்கவில்லை. வலிக்காததால் யாரிடமும் சொல்லவில்லை. நம் வீடுகளில் வலிதானே நோய்? காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டும், பல்லில் சீழ் வைத்தால் தாடைக்குக் கீழே கட்டும், இரண்டும் வலிக்கும், புண் ஆறினால் தானே அடங்கும். அந்தக் கணக்கில் வலிக்காத கட்டி ஒன்றுமில்லாத கட்டி. டாக்டரம்மா சொன்னது நேர்மாறாக இருந்தது: வலியில்லாமல், ரப்பர் போல அழுத்தினால் கொடுக்கிற கட்டி, நான்கு வாரமாகியும் அடங்காமல் வளர்ந்தால் அதைத்தான் கவனிக்க வேண்டும். அதுவும் காறை எலும்புக்கு மேலே இருந்தால் எந்த வயதிலும் சும்மா விடக்கூடாதாம். கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கிருமித் தொற்றால் வருபவைதான் என்பதையும் அவரே சொன்னார். இதைப் படித்துவிட்டு யாரும் கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைப் பிசைந்துகொண்டிருக்க வேண்டாம்.

அடுத்தது வியர்வை. சென்னைக்காரர்களிடம் ராத்திரி வியர்க்கிறதா என்று கேட்பது மீனிடம் ஈரமாக இருக்கிறதா என்று கேட்பது மாதிரி. அவளுக்கு வயது 57, மாதவிடாய் நின்ற பிறகு வரும் உஷ்ணம் என்று அவளே ஒரு காரணமும் வைத்திருந்தாள். ஆனால் எனக்கு ஒரு ராத்திரி நினைவிருந்தது. மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த ராத்திரி. 2022 டிசம்பர் 9. வெளியே ஊளைக் காற்று, கரண்ட் இல்லை, நான் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறேன். அவள் எழுந்து நைட்டி மாற்றுகிறாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மாற்றுகிறாள். தலையணை உறையைப் பிழிந்தால் சொட்டும் போல இருந்தது. "ஜன்னல் வழியா சாரல் அடிக்குதுங்க" என்றாள். ஜன்னல் சாத்தியிருந்தது. அன்றைக்கு நான் அதற்குமேல் யோசிக்கவில்லை.

"அதான் சார் நைட் ஸ்வெட். உடை மாத்த வைக்கிற வியர்வை" என்றார் டாக்டரம்மா பிறகு. புழுக்கத்தில் வியர்ப்பது இந்தக் கணக்கில் சேராது.

எடைக்குத்தான் நான் நிஜமாகவே பதிவறை எழுத்தராக மாறினேன். எங்கள் வீட்டில் எடை மெஷின் இல்லை. பழைய தைராய்டு சீட்டு ஒன்றின் ஓரத்தில் 2022 ஜூலையில் யாரோ 64 என்று கிறுக்கியிருந்தார்கள். 2023 ஜனவரியில் இன்னொரு கிளினிக் சீட்டில் 56. நடுவில் என்ன நடந்தது? தெருமுனை டெய்லரிடம் போனேன். அவர் வாடிக்கையாளர் அளவுகளை ஒரு நீள நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பவர். (எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் அவரிடம் பயிற்சிக்குப் போயிருக்கலாம்.) தீபாவளி ரவிக்கை தைத்தபோது அளவு 38. பொங்கலுக்கு முன் அதே ரவிக்கையை இரண்டு பக்கமும் பிடிக்கக் கொடுத்திருக்கிறாள், 36. பிப்ரவரியில் மறுபடியும் பிடித்திருக்கிறார். "அக்கா வாக்கிங் போறாங்களான்னு கேட்டேன் சார், சிரிச்சாங்க" என்றார். தெருவில் எல்லோருமே அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவளுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். ஆறு மாதத்துக்குள் 8 கிலோ என்றால் உடல் எடையில் எட்டில் ஒரு பங்கு. முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அது கணக்கில் வருகிற அறிகுறி என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

காய்ச்சலுக்குச் சாட்சி மருந்துக்கடை பில்கள். நவம்பர் தொடங்கி மாதம் இரண்டு மூன்று அட்டை டோலோ 650. சாயங்காலம் உடம்பு கதகதவென்று வந்தால் ஒன்று போட்டுக்கொண்டு சமையலுக்குப் போய்விடுவாள். டாக்டரைப் பார்க்கப் போகும் நாளிலும் போட்டுக்கொண்டு போனதால் அங்கே தெர்மாமீட்டரில் ஒன்றும் ஏறவில்லை.

லிம்ஃபோமா என்னும் நிணநீர்க் கணுப் புற்றுநோயில் காய்ச்சல், வியர்வை, எடை இந்த மூன்றுக்கும் 'பி' அறிகுறிகள் என்று பெயர். 1971-இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் கூடிய மருத்துவர்கள் வகுத்த முறையாம். நோய் உடம்பில் எத்தனை இடத்தில் பரவியிருக்கிறது என்பதற்கு 1 முதல் 4 வரை எண். இந்த மூன்றில் ஒன்றும் இல்லாவிட்டால் பக்கத்தில் 'ஏ', ஒன்று இருந்தாலும் 'பி'. என் மனைவியின் தாளில் எழுதப்பட்டது 3 பி. எண்ணை ஸ்கேன் கண்டுபிடிக்கும். எழுத்து எந்த இயந்திரத்திலிருந்தும் வராது, நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. எங்கள் விஷயத்தில் அதைச் சொன்னது பாதி அவள், பாதி டெய்லர்.

நடுவில் டிபி கதை ஒன்று இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிளினிக்கில் இரண்டு தடவை ஆன்டிபயாட்டிக், அப்புறம் இன்னொரு இடத்தில் ஊசி குத்தி எடுத்த பரிசோதனை. அதில் தெளிவாக ஒன்றும் வராமல், டிபியாக இருக்கலாம் என்று பொங்கலுக்குப் பிறகு மாத்திரை ஆரம்பித்தார்கள். நம் ஊரில் கழுத்தில் கட்டி என்றால் டிபியைச் சந்தேகிப்பது நியாயம்தான், அவ்வளவு பேருக்கு அது வருகிறது. இரண்டு மாதம் சாப்பிட்டும் கட்டி எலுமிச்சை அளவானது, அக்குளில் இன்னொன்று வந்தது. அதன் பிறகுதான் கட்டியை முழுசாக வெட்டியெடுத்து பயாப்ஸி. லிம்ஃபோமாவுக்கு ஊசி முனையில் வருகிற நாலு செல் போதாது, கணுவின் அமைப்பையே பார்க்க வேண்டும் என்பதால் முழுக் கணுவை எடுப்பதுதான் சரியான வழி. யார் மீதும் பழி போட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த ஒரு பக்கத்தை ஜனவரியிலேயே எழுதிக் கையில் வைத்திருந்தால், ஊசி குத்திய இடத்திலேயே யாராவது நெற்றியைச் சுருக்கியிருப்பார்கள் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

நோயின் பெயர் டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்ஃபோமா. 1832-இல் தாமஸ் ஹாட்ஜ்கின் எழுதி வைத்த வகை வேறு, இது ஹாட்ஜ்கின் அல்லாத வகை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் இத்தனையும் விளக்கி முடித்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "அடையாறா?" 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி அங்கே தொடங்கிய ஆஸ்பத்திரியால் எங்கள் ஊரில் அந்தப் பேட்டையின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. நாங்கள் எங்கே வைத்தியம் பார்த்தோம் என்பது இந்த மதிப்புரைக்குத் தேவையில்லை.

சரி, ஃபைலுக்கு வருகிறேன்.

டேக் போட்டுக் கட்டுகிற ஃபைலோடு ஒப்பிட்டால் இதன் பெரிய லாபம், தாளில் துளை போட வேண்டாம். துளை எப்போதும் ரிப்போர்ட்டில் முக்கியமான எண் மேலேயேதான் விழும். இதில் தாளை வெளியே எடுக்காமலே முன்னும் பின்னும் படிக்கலாம். எடுக்காமல் படிக்கிறவர்கள் குறைவு என்பது வேறு விஷயம். ஓ.பி.யில் ஜூனியர் டாக்டர்கள் தாளை உருவிப் படித்துவிட்டு வேறு பையில் செருகிவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து சரி செய்தேன். பைகளுக்கு எண் கிடையாது. நானே மார்க்கரால் போட்டேன், அழிந்தது, அப்புறம் ஸ்டிக்கர் ஒட்டினேன்.

அடுக்கும் முறையில் எனக்கும் மனைவிக்கும் தகராறு. நான் தேதி வரிசைப்படி, பழையது முதலில் வைத்தேன். அதுதான் முறை. டாக்டர்கள் புதியதைத்தான் முதலில் தேடுகிறார்கள். "உங்க ஆபீஸ் இல்லைங்க இது" என்றாள். திருப்பி அடுக்கினேன். இரண்டு தாள் மட்டும் இடம் மாறவே இல்லை: முதல் பையில் அந்த ஒரு பக்க வரலாறு, இரண்டாம் பையில் பயாப்ஸி ரிப்போர்ட், சிடி20 (புற்றுச் செல்லின் மேல் இருக்கும் ஓர் அடையாளப் புரதம்) பாசிட்டிவ் என்று எழுதிய சாயச் சோதனையோடு சேர்த்து. எந்த டாக்டர் வந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான், அதை வைத்துத்தான் மருந்தே முடிவாகிறது. அலுவலகத்தில் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய கோப்புகளுக்கு ஆர். டிஸ். என்று போடுவோம். அந்த இரண்டு பையின் மூலையிலும் சிவப்பு மையில் அப்படியே எழுதி வைத்தேன்.

கொடுத்த கீமோ கூட்டு மருந்துக்குப் பெயர் ஆர்-சாப். 21 நாளுக்கு ஒரு முறை, ஆறு தடவை. ஆரம்பிக்கும் முன் இதயத்துக்கு எக்கோ, மஞ்சள் காமாலை பி சோதனை, பெட் ஸ்கேன். ஒவ்வொன்றும் ஒரு பை. அக்னி நட்சத்திரத்தில் முதல் தடவை. அந்தக் கூட்டில் ஒன்றான ரிட்டுக்சிமாப் ஏறும்போது நடுக்கம் வந்து, டிரிப்பின் வேகத்தைக் குறைத்தார்கள். அதை அன்றே முதல் பக்கத்தில் சேர்த்தேன். சிவப்பு மருந்து ஏறிய பிறகு சிறுநீர் சிவப்பாக வரும் என்று நர்ஸம்மா பயந்து பயந்து எச்சரித்தார். டிபி மாத்திரையில் இரண்டு மாதம் ஆரஞ்சு நிறத்தில் போனவள் என் மனைவி. "எனக்கு இதெல்லாம் பழக்கம்தாம்மா" என்றாள்.

ஃபைல் தன் விலையைத் திருப்பிக் கொடுத்தது இரண்டாவது தடவை முடிந்த பத்தாம் நாள். ராத்திரி ஒரு மணிக்கு உடம்பு கொதித்தது, 101. கீமோ நடக்கும் காலத்தில் 100.4-ஐத் தொட்டாலே விடியும்வரை காத்திருக்கக்கூடாது, டோலோ போட்டு அமுக்கக்கூடாது என்று முதல் பக்கத்தின் அடியில் நானே பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். அவள் கை பழக்கதோஷத்தில் டோலோ டப்பாவுக்குப் போனது, நான் ஃபைலைத் திறந்து காட்டினேன். ஆட்டோ பிடித்துப் போனோம். அவசரப் பிரிவில் இருந்த பையனுக்கு எங்களைத் தெரியாது. முதல் பையைத் திறந்து நீட்டினேன். நின்ற இடத்திலேயே படித்தான். என்ன நோய், என்ன மருந்து, கடைசியாக எந்தத் தேதி, எதற்கு நடுக்கம் வந்தது, சர்க்கரை உண்டா, எல்லாம். "பத்தாவது நாளா? கவுண்ட் அடியில இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ரத்தம் எடுக்கச் சொன்னான். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற ஆரம்பித்துவிட்டது. அவன் சொன்ன கவுண்ட், அதாவது ரத்த வெள்ளை அணு எண்ணிக்கை, 900தான். பக்கத்துக் கட்டிலில் ஒருவரின் மகன் போனில் யாரிடமோ, "அப்பாவுக்கு என்ன மருந்து போட்டாங்கன்னு அந்த பீரோல பாருடா" என்று கத்திக்கொண்டிருந்தான். மஞ்சப்பை ஞாபகம் வந்தது எனக்கு.

குறைகள். முதல் குறை பிளாஸ்டிக். கொஞ்சம் ஒட்டுகிற, மணக்கிற வகை. இசிஜி, எக்கோ படம் மாதிரி வழுவழுத் தாளில் வெப்பத்தால் அச்சாகிறவற்றை அப்படியே உள்ளே வைத்தேன். மூன்றே மாதத்தில் எக்கோ படம் வெளிறி, ஆவி மாதிரி ஆகிவிட்டது. அந்த வகைத் தாள்களை வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து ஜெராக்ஸைத்தான் வைக்க வேண்டும். இரண்டாவது, பைகள் தண்டில் ஒட்டியிருக்கும் இடம். ஒரு பையில் இரண்டு தாளுக்கு மேல் வைத்தால் அடியில் கிழிகிறது. நான்காவது கீமோவுக்குள் ஏழு பைகள் போய்விட்டன. மூன்றாவது, 40 பை போதாது. ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் ரத்தச் சோதனை, பின்னால் டிஸ்சார்ஜ் சீட்டு, நடுவில் பில்கள் என்று ஆகஸ்டிலேயே நிரம்பிவிட்டது. பக்கம் சேர்க்க வழியில்லை. வளையம் வைத்த பைண்டரும் தனிப் பைகளும் வாங்கியிருந்தால் வேண்டியபோது சேர்த்திருக்கலாம், கிழிந்ததை மட்டும் மாற்றியிருக்கலாம். விலை இரண்டு மடங்கு ஆகும், பரவாயில்லை. ஸ்கேன் ஃபிலிம் இதில் நுழையவே நுழையாது. பயாப்ஸி கண்ணாடித் தகடுகளுக்கும் வெட்டியெடுத்த சதையைப் பதித்த மெழுகுக் கட்டிக்கும் நான் பழைய ஜாமெட்ரி பாக்ஸில் பஞ்சு வைத்து வழி செய்துகொண்டேன். வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போனால் அவை கட்டாயம் வேண்டும்.

தண்ணீர் சோதனையும் நடந்தது, நான் திட்டமிடாமலே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ஃபைல் கட்டிலுக்கு அடியில் இருந்திருக்கிறது. பைகளின் வாய் மேலே திறந்தே இருப்பதால் தண்ணீர் தாராளமாகப் புகுந்துவிட்டது. லேசர் பிரிண்ட் எல்லாம் மின்விசிறிக்கடியில் காய்ந்து பிழைத்தன. இங்க்ஜெட் பிரிண்ட், என் பேனா எழுத்து, சிவப்பு மை ஆர். டிஸ். எல்லாம் ஒரே நீலச் சிவப்புக் கோலம். நல்லவேளை, பெரியவள் எல்லாத் தாளையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். இப்போது ஃபைல் பரணில்.

5-க்கு மூன்றரை கொடுக்கிறேன். நாலைந்து சீட்டு மட்டும் உள்ளவர்களுக்கு இது தாராளம். கீமோ ஆரம்பிக்கப் போகிறவர்கள் வளையப் பைண்டர் வாங்குங்கள். கடைக்காரருக்கு ஐந்துக்கு ஐந்து. 60 பையோடு இரண்டாவது ஃபைல் வாங்கப் போனபோது என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "அம்மா எப்படி இருக்காங்க?" என்றுதான் ஆரம்பித்தார்.

அக்டோபரில் எடுத்த கடைசி பெட் ஸ்கேனில், நோய் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் டோவில் மதிப்பெண் 2. ஐந்து வரை போகும் அந்த அளவில் சின்ன எண்தான் நல்லது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்வருகிறோம். முதல் பக்கத்தை மறுபடியும் எழுதினேன், இந்தத் தடவை லேசர் பிரிண்ட். எடை 61 என்று கடைசி வரி. இரண்டாவது ஃபைலில் 40 பைகள் காலியாகக் கிடக்கின்றன. போன வாரம் பார்த்தால் அதில் கரண்ட் பில், கேஸ் புத்தகம், பேத்தியின் தடுப்பூசி அட்டை, தீபாவளிச் சீட்டு ரசீது எல்லாம் செருகி வைத்திருக்கிறாள். வரிசை எதுவும் இல்லை. நானும் இன்னும் எடுத்து அடுக்கவில்லை.